மூணு வருஷம் ஃப்ரீ, நாலாவது வருஷம் கடுப்பு: என் காரோட கனெக்டட் ஆப் ரிவ்யூ

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு தள்ளிப்போட்டுக்கிட்டே வந்த ரிவ்யூ இது. கார் ரிவ்யூ இல்லீங்க, மைலேஜ் பிக்கப் சஸ்பென்ஷன் எல்லாம் ஊரே எழுதியாச்சு. இது அந்த காரோட சேர்ந்து வர்ற ஆப் (போன்லயே காரை லாக் பண்ண, ஏசி போட, எங்க நிக்குதுன்னு பார்க்க), உள்ள ஒளிஞ்சிருக்கற சிம்மு, அதுக்கு கேக்கற சந்தா, இது பத்தி மட்டும். 2022ல வண்டி எடுத்தேன், டாப்புக்கு ஒண்ணு கீழ இருக்கற ஆட்டோமேட்டிக் வேரியண்ட், மூணு வருஷம் கனெக்டட் சர்வீஸ் ஃப்ரீன்னு குடுத்தாங்க, அது முடிஞ்சிடுச்சு, ரினியூ பண்ணாம நாலு மாசம் ஓட்டியும் பார்த்துட்டேன், அதனால ரெண்டு பக்கமும் சொல்ல முடியும். கம்பெனி பேர் சொல்லல. இந்த விஷயத்துல பெரும்பாலும் எல்லாருமே ஒரே குட்டையில ஊறின மட்டைங்கதான், ஒருத்தனை மட்டும் சொல்லி என்ன ஆகப்போகுது.

டெலிவரி அன்னிக்கு நடந்ததுல இருந்து ஆரம்பிக்கறேன். கிண்டி பக்கம் ஒரு ஷோரூம். அப்பா முன் டயர் ரெண்டுக்கும் கீழ எலுமிச்சம்பழம் வச்சுட்டு இருக்கார், அம்மா ஸ்டீயரிங்குக்கு குங்குமம் வச்சுட்டு இருக்காங்க, என் பையன் போட்டோவுக்கு குடுத்த பெரிய அட்டை சாவியை விடமாட்டேங்கறான், அந்த கலாட்டா நடுவுல சேல்ஸ் பையன் என் போனை வாங்கி ஆப் டவுன்லோட் பண்ணி, "சார் ஓடிபி"ன்னான், சொன்னேன், "சார் இன்னொரு ஓடிபி"ன்னான், அதையும் சொன்னேன், நடுவுல பக்கம் பக்கமா பொடி எழுத்துல என்னமோ வருது, அவன் கட்டைவிரல் அக்ரீ அக்ரீ அக்ரீன்னு போயிட்டே இருக்கு. மொத்தம் ஒன்றரை நிமிஷம். நான் எங்க போறேன், எவ்ளோ ஸ்பீடுல போறேன், எங்க சடன் பிரேக் அடிக்கறேன், ராத்திரி எத்தனை மணிக்கு வீட்டுக்கு வர்றேன்னு ஒரு கம்பெனிக்கு அனுப்ப நான் சம்மதம் குடுத்தது அந்த ஒன்றரை நிமிஷத்துல, அதுவும் வேற ஒருத்தன் கட்டைவிரல்ல. எலுமிச்சம்பழம் நசுங்கிச்சான்னு பார்த்த கவனத்துல பாதி கூட நான் அதுல வைக்கல, என் தப்புதான்.

இந்த கனெக்டட் கதை நம்ம நாட்டுல பெருசா கிளம்பினது 2019ல. மே மாசம் ஹூண்டாய் வென்யூ வந்துச்சு, அடுத்தே எம்ஜி ஹெக்டர் பக்கவாட்டுல இன்டர்நெட் இன்சைடுன்னு பேட்ஜே ஒட்டிக்கிட்டு வந்துச்சு, ஆகஸ்ட்ல கியா செல்டோஸ். அதுக்கப்புறம் ஆப் இல்லாத வண்டியை விக்கறதே கௌரவக் குறைச்சல்னு ஆயிடுச்சு. உள்ள என்ன இருக்குன்னா, டேஷ்போர்டு பின்னாடி ஒரு சின்ன பெட்டி, அதுல கழட்ட முடியாத மாதிரி ஒரு இ-சிம், நம்ம போன் நம்பர் மாதிரி பத்து இலக்கம் இல்ல, மெஷினுக்குன்னு தனியா 13 இலக்க நம்பர். நீங்க ஆப்ல லாக் பட்டனை அமுக்கினா அது நேரா காருக்கு போகாது, கம்பெனி சர்வருக்கு போயி, அங்கருந்து மொபைல் நெட்வொர்க் வழியா அந்த பெட்டிக்கு வந்து, அப்புறம்தான் டக்குனு லாக் ஆகும். கார் பக்கத்துலயே நின்னு அமுக்கினாலும் இதே சுத்துதான், எதிர்வீட்டுக்கு லெட்டர் எழுதி தபால்ல போட்ட மாதிரி. என் வண்டிக்கு ஓப்பன் பார்க்கிங்ல பதினஞ்சு இருபது செகண்டு, சில நாள் நாப்பது, சில நாள் "ரிக்வெஸ்ட் ஃபெயில்டு". இந்த சுத்தை ஞாபகம் வச்சுக்கங்க, பின்னாடி வரும்.

முதல்ல நல்லதை சொல்லிடறேன், இல்லன்னா வயித்தெரிச்சல்ல எழுதறான்னு நினைப்பீங்க.

ரிமோட் ஏசி. சிறுசேரில என் ஆபீஸ், பார்க்கிங் வெட்டவெளி, ஒரு வேப்பமரம் இருக்கு, அதுக்கு கீழ எடம் கிடைக்கணும்னா காலைல ஏழரைக்கே போகணும். கத்திரி வெயில்ல சாயங்காலம் நாலு மணிக்கு வண்டியை திறந்தா உள்ள இருந்து ஒரு அனல் வரும் பாருங்க, இட்லி குண்டான் மூடியை தொறந்த மாதிரி, சீட் பெல்ட் பக்கிளை கையால தொட முடியாது. லிஃப்ட்ல இறங்கறப்பவே ஆப்ல அமுக்கிட்டா, நான் நடந்து போறதுக்குள்ள இன்ஜின் ஸ்டார்ட் ஆகி ஏசி ஓடிட்டு இருக்கும். இது ஒண்ணுக்காக மட்டும் முதல் வருஷம் இந்த ஆப்பை கோயில் கட்டி கும்பிட்டிருப்பேன். மால் பேஸ்மென்ட்ல வேலை செய்யாது, அங்க சிக்னலே கிடையாது, ஆனா அங்க வெயிலும் கிடையாது, சரியா போச்சு.

அடுத்தது ஆக்டிங் டிரைவர். அப்பா அம்மா காஞ்சிபுரம் திருத்தணின்னு கிளம்பினா நான் லீவ் போட முடியாது, ஆக்டிங் டிரைவர் ஒருத்தரை போட்டு அனுப்புவேன். ஆப்ல 90க்கு ஸ்பீடு அலர்ட் வச்சிருந்தேன். ஒரு தடவை சுங்குவார்சத்திரம் தாண்டினதும் டிங் டிங்னு அஞ்சு அலர்ட், மீட்டிங் நடுவுல. அம்மாவுக்கு போன் போட்டு "டிரைவர் அண்ணன் கிட்ட கொஞ்சம் மெதுவா போக சொல்லும்மா"ன்னேன், அந்த அண்ணன் பயந்துட்டார் போல, அங்கருந்து காஞ்சிபுரம் வரைக்கும் நாப்பதுல போயிருக்கார், அர்ச்சனை நேரம் முடிஞ்சு நடை சாத்திட்டாங்க. அம்மா ஒரு வாரம் என்கிட்ட சரியா பேசல. ஃபீச்சர் சரியா வேலை செஞ்சுச்சு, அதுல குறை சொல்ல முடியாது.

மழை. நான் இருக்கறது மடிப்பாக்கம், மழை வந்தா தண்ணி நிக்கற ஏரியா, இதுக்கு மேல விளக்கம் வேணாம். 2024 அக்டோபர்ல ரெட் அலர்ட் குடுத்தப்போ ஊரே வேளச்சேரி பாலத்துல கொண்டுபோய் வண்டியை நிறுத்துச்சே, அந்த வரிசையில என் வண்டியும் ஒண்ணு. வீட்ல உக்காந்துக்கிட்டு ஆப்ல பார்த்துட்டே இருந்தேன், லாக் ஆயிருக்கா, கண்ணாடி மூடியிருக்கா, எடம் மாறலியே, எல்லாம் ஓகே. நிம்மதியா தூங்கினேன். ஆனா அதுக்கு முந்தின வருஷம், 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல் அன்னிக்கு இதே ஆப் என்ன காட்டுச்சு தெரியுமா? கடைசியா அப்டேட் ஆனது டிசம்பர் 3, ராத்திரி 11:52. அவ்ளோதான். அப்புறம் கரண்ட் இல்ல, டவர் இல்ல, போன்ல சிக்னல் கம்பியே இல்ல, ரெண்டு நாள் கழிச்சு அப்பா முழங்கால் தண்ணில நடந்து போயி பார்த்துட்டு வந்து சொன்னார், "வண்டி அங்கயேதான்டா இருக்கு, ஒரு பூனை மேல படுத்திருக்கு"ன்னு. அவசரத்துக்கு எஸ்ஓஎஸ் பட்டன் இருக்குன்னு பெருமையா சொல்றாங்க, நம்மூர்ல நிஜமான அவசரம் எப்ப வரும்னா டவரே விழுந்து கெடக்கறப்போதான் வரும்.

எஸ்ஓஎஸ்னு சொன்னதும் ஞாபகம் வருது. ஈசிஆர்ல முட்டுக்காடு தாண்டி பங்க்சர், ஸ்டெப்னில காத்து இல்ல, சரி இவ்ளோ டெக்னாலஜி இருக்கேன்னு கண்ணாடி மேல இருக்கற ரோடு சைடு அசிஸ்டன்ஸ் பட்டனை அமுக்கினேன். ஒரு நிமிஷத்துல லைன்ல வந்தாங்க, அது நல்ல விஷயம்தான், முதல்ல இந்தி, அப்புறம் இங்கிலீஷ், தமிழ் ஆள் வேணும்னா ரெண்டு நிமிஷம் ஹோல்டு. தமிழ் பேசற பொண்ணு வந்து கேட்ட முதல் கேள்வி, "சார் உங்க லொகேஷன் பின்கோடு சொல்லுங்க." நான் நடுரோட்டுல நிக்கறேன், கடல் காத்து அடிக்குது, பின்னாடி பஸ் ஹாரன் அடிக்கறான், எனக்கு முட்டுக்காடு பின்கோடு எப்படி தெரியும்? "ஏம்மா, இந்த வண்டிக்குள்ளயே ஜிபிஎஸ் இருக்கு, நீங்கதான டெய்லி நான் எங்க போறேன்னு பாக்கறீங்க"ன்னேன். "சார் அது வேற டீம் சார்"னு சொல்லுச்சு. பாவம் அந்த பொண்ணு என்ன பண்ணும். கடைசில நானே போன்ல லொகேஷன் ஷேர் பண்ணி, ஒரு மணி நேரம் கழிச்சு ஆள் வந்தார். அதுக்குள்ள இளநீ கடைக்காரர் சொல்லிவிட்ட பங்க்சர் பையன் பம்ப்போட வந்து வேலையை முடிச்சிட்டான்.

வாய்ஸ் கமாண்டை பத்தி அதிகம் எழுதமாட்டேன். திருவான்மியூர்னு சொன்னா திருவொற்றியூர் போட்டுச்சு. ஊரோட தெக்கு முனைக்கும் வடக்கு முனைக்கும் வித்தியாசம் தெரியாத நேவிகேஷனை வச்சுக்கிட்டு என்ன பண்றது, ஆண்ட்ராய்டு ஆட்டோ போட்டு கூகுள் மேப்லயே போயிட்டேன், வண்டியோட சொந்த மேப்பை மூணு வருஷத்துல பத்து தடவை தொட்டிருப்பேனா சந்தேகம்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். மூணு வருஷம் முடிய ஒரு மாசம் இருக்கறப்பவே ஆரம்பிச்சாங்க. ஆப்ல நோட்டிஃபிகேஷன், மெசேஜ், அப்புறம் போன் கால். வருஷத்துக்கு 3,499, அதுக்கு மேல ஜிஎஸ்டி 18 சதவீதம், ஆக 4,129 ரூபா. பிரீமியம் பேக்குன்னு இன்னொண்ணு இருக்கு, அதை எடுத்தாதான் ரிமோட் ஏசியாம். அதாவது முதல் மூணு வருஷம் எல்லாத்தையும் சேர்த்து குடுத்து பழக்கிவிட்டு, இப்ப எது இல்லாம நம்மால இருக்க முடியாதோ அதை மட்டும் தனியா பிரிச்சு மேல ஏத்தி வச்சிருக்காங்க. நான் கட்டல. பார்ப்போம் என்னதான் ஆகுதுன்னு விட்டேன்.

முடிஞ்ச மறுநாள் காலைல வண்டியை ஸ்டார்ட் பண்ணினா ஸ்க்ரீன் முழுக்க ஒரு அறிவிப்பு, உங்க சந்தா முடிஞ்சிடுச்சு, ரினியூ பண்ணுங்க, கீழ ரெண்டு பட்டன், "இப்போதே", "அப்புறம்". "வேணாம்"னு ஒரு பட்டன் கிடையாது. ஒவ்வொரு தடவை ஸ்டார்ட் பண்றப்பவும் வருது, நாலு மாசமா. மெக்கானிக்கிட்ட கேட்டா அதை எடுக்க வழியில்லன்னுட்டார். காசு குடுத்து வாங்கின டிவில பக்கத்து வீட்டுக்காரன் போஸ்டர் ஒட்டிட்டு போன மாதிரி இருக்கு.

என்னென்ன நின்னுச்சுன்னா, ஆப் மொத்தமா நின்னுச்சு, அது எதிர்பார்த்ததுதான், சர்வர் செலவு சிம் செலவு இருக்கு, காசு கேக்கறது நியாயம்னே வச்சுக்குவோம். வாய்ஸ் கமாண்ட் நின்னுச்சு, "கண்ணாடியை இறக்கு"ன்னு சொன்னா "சந்தா தேவை"ங்குது. யோசிச்சு பாருங்க, கண்ணாடி என்னுது, மோட்டார் என்னுது, மைக் என்னுது, வயர் என்னுது, நான் வண்டிக்குள்ளயே உக்காந்திருக்கேன், ஆனா இறக்குன்னு சொன்ன சொல்லு எங்கயோ இருக்கற சர்வருக்கு போயி அனுமதி வாங்கிட்டு வரணும். மேலே ஒரு சுத்து சொன்னேன்ல, அதோட உண்மையான பயன் இதுதான். சுத்தி போறதால நடுவுல ஒரு கேட் போட முடியுது, கேட் இருந்தா டோல் வாங்கலாம். நம்ம ஊர்க்காரங்களுக்கு டோல் பத்தி சொல்லித் தரணுமா என்ன.

எஸ்ஓஎஸ்ஸும் நின்னுச்சு. இதுதான் எனக்கு நிஜமாவே கோவம் வந்த எடம். மோதி ஏர்பேக் வெடிச்சா தானா கால் போகும்னு புரோஷர்ல படம் போட்டு காட்டினாங்க, அது பாதுகாப்பு ஃபீச்சர்னு சொல்லி வித்தாங்க. ஐரோப்பால 2018 மார்ச் 31ல இருந்து புதுசா அனுமதி வாங்கற கார் மாடல்ல இ-கால் கட்டாயம், பெரிய ஆக்சிடெண்ட் ஆனா வண்டியே 112க்கு கூப்பிடும், அதுக்கு சந்தா கிடையாது, அது சட்டம். இங்க 4,129 கட்டலைன்னா பட்டன் வெறும் பொம்மை. பட்டன்ல சிவப்பு லைட் மட்டும் இன்னும் எரியுது. மனைவிகிட்ட சொல்லி வச்சிருக்கேன், அதை நம்பாத, 108 கூப்பிடுன்னு.

எங்கப்பா எம்டிசி, அதான் சென்னை டவுன் பஸ் டிப்போல முப்பது வருஷம் மெக்கானிக். அவர்கிட்ட இந்த ரினியூவல் கதையை சொன்னப்போ, "ரோடு டேக்ஸையே கவர்மென்ட் லைஃப் டேக்ஸுன்னு ஒரே தடவைல வாங்கிட்டு விட்டுடுது, இவன் யாருடா வருஷாவருஷம்?"னு கேட்டார். எனக்கு பதில் வரல. பதினஞ்சு வருஷத்துக்கு ஆர்சி குடுக்கறாங்க, அந்த பதினஞ்சு வருஷமும் இந்த 4ஜி சிம்முக்கு டவர் இருக்குமான்னு யாரும் ஷோரூம்ல சொல்றதில்ல. இது சும்மா பயம் காட்டறது இல்ல, அமெரிக்கால 2022 பிப்ரவரில ஏடி அண்ட் டிங்கற போன் கம்பெனி 3ஜியை மூடினப்போ, பழைய மோடம் வச்சிருந்த நிறைய கார்ல இந்த சர்வீஸெல்லாம் போயிடுச்சு. காசு கட்ட ரெடியா இருந்தவனுக்கும் போச்சு.

வெளிநாட்டு கதைகளை படிக்க படிக்க தலை சுத்துது. பிஎம்டபிள்யூ 2022ல தென்கொரியால சீட் ஹீட்டருக்கு மாசம் 18 டாலர்னு வச்சாங்க, ஹீட்டர் கம்பி ஏற்கனவே சீட்டுக்குள்ள ஓடுது, காசு கட்டினா சாஃப்ட்வேர் தொறக்கும். உலகமே காறித்துப்பி அடுத்த வருஷம் அந்த யோசனையை கைவிட்டாங்க. அதே பிஎம்டபிள்யூ ஃபேக்டரி நம்ம சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்துலயும் இருக்கு, சென்னைக்காரனுக்கு சீட் ஹீட்டர்னா சிரிப்புதான் வரும், வண்டி நின்னாலே சீட் ஹீட் ஆயிடும், ஆனா சீட்டுக்கு காத்து விடற வென்டிலேட்டட் சீட்டை இதே மாதிரி பூட்டி வச்சு மே மாசத்துக்கு மட்டும் தனி ரேட் போட்டா? நம்மாளு கட்டிடுவான். நானே கட்டிடுவேன், அதான் பயமே.

டொயோட்டா கதை இன்னும் ஒரு படி மேல. 2021 கடைசில அமெரிக்கால வெளில வந்துச்சு, சில மாடல்கள்ல சாவில இருக்கற ரிமோட் ஸ்டார்ட் கூட, இலவச காலம் முடிஞ்சா சந்தா இருந்தாதான் வேலை செய்யுமாம். சாவி காரோட ரேடியோல நேரா பேசுது, அதுக்கு சிம் வேணாம், டவர் வேணாம், சர்வர் வேணாம். அப்புறம் எதுக்கு காசு? எங்க கோடு போடணும்னு எனக்கு புரிஞ்சது அந்த செய்தியை படிச்சப்போதான். வண்டிக்கு வெளில ஏதாவது செலவாச்சுன்னா கேளு, தர்றேன், வேணும்னா தர்றேன். வண்டிக்குள்ளயே முடியற வேலைக்கு நான் ஷோரூம்லயே காசு குடுத்துட்டேன், ரெண்டாவது தடவை கேட்டா அது வாடகை.

டேட்டா விஷயம் வேற. ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி, அவங்க வண்டி வச்சிருக்கறவங்க எப்படி ஓட்டறாங்கங்கற விவரத்தை டேட்டா புரோக்கர்களுக்கு (ஆளுங்க விவரத்தை வாங்கி விக்கற கம்பெனிங்க) வித்து, அது இன்சூரன்ஸ் கம்பெனி வரைக்கும் போயி, பிரீமியம் ஏறினவங்க ஏன்னு கேட்டப்போதான் தெரிய வந்துச்சுன்னு 2024 மார்ச்ல நியூயார்க் டைம்ஸ் எழுதுச்சு, 2025 ஜனவரில எஃப்டிசி, அதாவது நுகர்வோர் பாதுகாப்பை பார்க்கற அமெரிக்க அரசு அமைப்பு, நடவடிக்கை எடுத்துச்சு. அதே 2024 டிசம்பர்ல ஃபோக்ஸ்வேகன் குரூப்போட சாஃப்ட்வேர் கம்பெனி கிட்ட இருந்து சுமார் 8 லட்சம் எலக்ட்ரிக் கார்களோட விவரம் பூட்டே இல்லாம நெட்ல கெடந்துச்சுன்னு ஜெர்மனில கண்டுபிடிச்சாங்க, பல வண்டிக்கு எங்க நின்னுச்சுங்கறது வரைக்கும். நமக்கும் 2023ல தனிநபர் டேட்டா பாதுகாப்பு சட்டம் வந்திருக்கு, சம்மதம் தெளிவா கேட்டு வாங்கணும்னு அதுல இருக்கு. அந்த சேல்ஸ் பையன் கட்டைவிரல் ஞாபகம் வருது எனக்கு.

இதுல செகண்ட் ஹேண்ட் வாங்கறவங்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. என் ஃப்ரெண்டு ஒருத்தன் அண்ணா நகர்ல ஒருத்தர்கிட்ட இதே மாதிரி ஆப் வச்ச வண்டியை வாங்கினான், ஆர்சி மாத்தியாச்சு, இன்சூரன்ஸ் மாத்தியாச்சு, எல்லாம் முடிஞ்சு மூணு மாசம். ஒரு நாள் ராத்திரி பத்தரைக்கு பழைய ஓனர் போன் பண்றார், "தம்பி மழை வர்ற மாதிரி இருக்கு, வண்டில பின் சீட்டு இடது கண்ணாடி இறங்கியிருக்கு, மூடிடுங்க." இவன் ஓடிப்போய் பார்த்தா நிஜமாவே இறங்கியிருக்கு. நன்றி சார்னு சொல்லி மூடிட்டு வந்து படுத்தப்புறம்தான் உறைச்சிருக்கு, இந்த மனுஷனுக்கு எப்படி தெரியும்னு. மூணு மாசமா வண்டி எங்க நிக்குது, எங்க போச்சு, எல்லாம் அவர் போன்ல வந்துட்டே இருந்திருக்கு, பாவம் அவர் நல்ல மனுஷன், எப்படி எடுக்கறதுன்னு அவருக்கும் தெரியல. ஆப்ல ஓனர் மாத்த சர்வீஸ் சென்டருக்கு மூணு தடவை அலைஞ்சான், ஆதார் ஆர்சி எல்லாம் குடுத்து, கடைசில மாத்தினாங்க, மாத்தினதும் வந்த முதல் மெசேஜ் என்னன்னா, இலவச சந்தா முதல் ஓனருக்கு மட்டும்தான். ஸோ பழைய வண்டி வாங்கறவங்க சாவி ரெண்டு இருக்கான்னு பார்க்கற மாதிரி, பழைய ஓனர் போன்ல ஆப் இருக்கான்னும் பாருங்க, உங்க கண்ணு முன்னாடி அவர் அக்கவுன்ட்ல இருந்து வண்டியை எடுக்க சொல்லுங்க, ஸ்க்ரீன்ல ஃபேக்டரி ரீசெட்டும் போட்டுடுங்க. விக்கறவங்களும் அதே, உங்க காண்டாக்ட் லிஸ்ட், வீட்டு அட்ரஸ் எல்லாம் அதுக்குள்ளதான் உக்காந்திருக்கு.

நாலு மாசம் ஆப் இல்லாம எப்படி இருக்குன்னு கேட்டா, ரிமோட் ஏசி இல்லாததுதான் வலிக்குது, மத்தபடி ஒண்ணும் குடி முழுகல. கண்ணாடியை ரெண்டு இன்ச் இறக்கிவிட்டு கதவை நாலு தடவை ஆட்டிட்டு ஏறறேன், அனல் வெளில போயிடுது, பாக்கறவங்க இவனுக்கு என்ன ஆச்சுன்னு பாக்கறாங்க. லாக் பண்ணினோமான்னு சந்தேகம் வந்தா திரும்பி நடந்து போயி பாக்கறேன், டாக்டர் நடக்க சொல்லியிருக்கார், அந்த கணக்குல சேர்த்துக்கிட்டேன். அப்பா ஆப் இருந்தப்பவும் திரும்பி போயி கைப்பிடியை இழுத்து பார்த்துட்டுதான் வருவார், அவருக்கு எந்த மாற்றமும் இல்ல. ஆக்டிங் டிரைவர் அண்ணனுக்குதான் ரொம்ப சந்தோஷம்.

மார்க் போடணும்னா, ஃப்ரீயா இருந்தப்போ அஞ்சுக்கு மூணரை, காசு கேக்கறப்போ ஒண்ணரை. அந்த ஒண்ணரையும் சிறுசேரி வெயிலுக்காக. வருஷம் 1,000 ரூபாக்கு ரிமோட் ஏசி மட்டும் தனியா குடுத்தா இன்னிக்கே கட்டறேன், எஸ்ஓஎஸ்ஸை சந்தாவில இருந்து கழட்டி எல்லாருக்கும் விட்டா இன்னும் ஒரு மார்க் ஏத்தறேன், அந்த "அப்புறம்" பட்டன் பக்கத்துல "வேணாம்"னு ஒண்ணு வச்சா இந்த ரிவ்யூவையே பாதி அழிச்சிடறேன்.

போன வாரம் மச்சானுக்கு வண்டி பார்க்க போனோம், வேற கம்பெனி, வேற ஷோரூம், இந்த தடவை நான் கூடவே போனேன். கொட்டேஷன் குடுத்தாங்க. எக்ஸ் ஷோரூம், லைஃப் டேக்ஸ், இன்சூரன்ஸ், ஃபாஸ்டேக், எக்ஸ்டெண்டட் வாரண்டி, எசென்ஷியல் கிட், அதுக்கு கீழ ஒரு வரி, கனெக்டட் பேக்கேஜ் மூணு வருஷம், 11,500. ஃப்ரீன்னு ஒரு காலத்துல சொன்னது இப்ப விலையோட வரியா வந்து உக்காந்திருக்கு. "இதை எடுத்துடுங்க, வேணாம்"னேன். "சார் அது சிஸ்டம்லயே வருது சார், எடுக்க ஆப்ஷன் இல்ல"ங்கறான் பையன். அமெரிக்கால 2022லயே ஜெனரல் மோட்டார்ஸ் ப்யூக், ஜிஎம்சி வண்டிங்கள்ல இதே வேலையை பண்ணினாங்க, ஆன்ஸ்டார்னு அவங்களோட கனெக்டட் சர்வீஸ், 1,500 டாலர், ஆப்ஷன்னு பேரு, ஆனா எடுக்க முடியாது. இங்க வர்றதுக்கு ரொம்ப நாள் ஆகல.

மச்சான் அதுக்குள்ள சன்ரூஃபை தொறந்து மூடி தொறந்து மூடி பார்த்துட்டு இருக்கான். "மாமா விடுங்க மாமா, வீடியோல பார்த்தேன், செம்மையா இருக்கு ஆப்பு"ங்கறான். அவன் சொன்ன ஆப்பு எனக்கு வேற மாதிரி கேட்டுச்சு. மேனேஜரை கூப்பிட சொன்னேன். மேனேஜர் வந்தார், டீ சொன்னார், சிஸ்டம்ல தட்டினார், தலையை சொறிஞ்சார், யாருக்கோ போன் பண்ணினார், அரை மணி நேரம் போச்சு. கடைசில வந்து உக்காந்து, "சார் அந்த வரியை எடுக்க முடியல, உங்களுக்காக நாலு ஃப்ளோர் மேட் ஃப்ரீயா போட்டு தர்றேன்"னார்.

மேட் நல்ல கனமா, ரப்பர்லதான் இருக்கு. மழைக்கு ஆகும்.